புயலும் அடைத்த வீடும்

காற்றுக் கூரையை அழுத்தும் என்றே பழைய பொறியியலாளர் பெரிதும் கணித்தனர். மறுசரிவை அது மேல்நோக்கி உறிஞ்சும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கோப்பன்கேகனில் இர்மிங்கர் என்பார் மாதிரி வீடுகளைக் கொண்டு அளந்து காட்டினார். அடைத்த வீட்டிற் காற்றை எதிர்நோக்கும் கதவு உடையுமாயின், உள்ளமுக்கமும் உயர்ந்து அவ்வுறிஞ்சலுக்குத் துணைபோகும். மணிக்கு 144 கிலோமீற்றர் வேகக் காற்றின் அமுக்கம் சதுரமீற்றருக்கு ஏறக்குறைய 98 கிலோகிராம் நிறைக்குச் சமம்! 1974இல் டார்வின் நகரை அழித்த திரேசிப் புயலில் இவ்வாறு பறந்த கூரைகள் பல. அமுக்கத்தைச் சமன்செய்யச் சாளரத்தைத் திறந்துவைத்தல் வேண்டும் என்ற நம்பிக்கை, ஆதலின், ஆபத்தானது.

கிடுகுக் கூரை தன் இடுக்குகளாற் காற்றைக் கசியவிடும், தகரத்துக்கு அக்குணமில்லை. 2020 திசம்பர் 2ஆம் நாளிரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்து வன்னியூடாகச் சென்றது. இரணைமடுவின் கீழுள்ள வட்டக்கச்சி போன்ற வயல்வெளி ஊர்களில், கூரைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டியே முதலிற் கவனிக்கத்தக்கது.