சிறுநீரகத்திலிருந்து இதயத்துக்கு ஏறும் புற்று

இதயத்திலேயே தோன்றும் புற்றுநோய் மிக அரிது. வேறு உறுப்பிலிருந்து அங்கே வந்து சேர்வதுதான் அதிகம். நுரையீரல், மார்பகப் புற்றுகள் இதயத்தைத் தொடுவதற்குள் நோய் பெரும்பாலும் உடலெங்கும் பரவிவிடும். இதயவுறையில் தேங்கும் நீரை வடித்து மூச்சுத்திணறலைத் தணிப்பதைத் தாண்டி அறுவை மருத்துவரால் அதிகம் செய்ய இயலாது. சிறுநீரகப் புற்றின் போக்கு வேறு. அது சிறுநீரகச் சிரைக்குள் புகுந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியே கல்லீரலைக் கடந்து, சிலருக்கு இதயத்தின் வலது மேலறை வரை கொடிபோல் வளர்கிறது. பல சமயம் சிரைச் சுவரில் ஒட்டாமல் உள்ளே மிதந்தபடியே இருக்கும். ஒட்டாத கட்டியை முழுதாக எடுத்துவிடலாம் என்ற துணிவு அதனால்தான் வந்தது.

அதற்கு முதலில் இதயத்தைத் திறக்கும் வழி வேண்டியிருந்தது. 1953-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதய அறுவையை வெற்றிகரமாகச் செய்தார். மறு ஆண்டே ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் அதே முறையில் இதய அறையிலிருந்து மிக்ஸோமா கட்டியை அகற்றினார். அது பரவிய புற்று அல்ல; ஆனால் வழி திறந்துவிட்டது. பெருஞ்சிரைக்குள் கட்டி புகுந்தாலே கைவிட வேண்டியதில்லை, வேறெங்கும் பரவாதவரை அறுவையால் பலன் உண்டு என்று 1972-இல் டொனால்ட் ஸ்கின்னரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதினர். சிறுநீரக மருத்துவர்களின் மனத்தை மாற்றியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு.

இருந்தும் ஆபத்து பெரிது. கட்டியின் ஒரு துண்டு உடைந்து நுரையீரல் தமனியை அடைத்தால் மேசையிலேயே உயிர் போகும். 1984-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சிறுநீரக நிபுணர் ஃப்ரே மார்ஷலும், 1981-இல் ஸ்டான்ஃபோர்டில் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றிய புரூஸ் ரைட்ஸும் புதிய முறை ஒன்றை வெளியிட்டனர். மார்பும் வயிறும் ஒரே நீளக் கீறலில் திறக்கப்படும். இயந்திரம் உடலை ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கும். தலையைச் சுற்றிப் பனிக்கட்டி வைக்கப்படும். பிறகு இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத் தொட்டிக்குள் வடித்துவிடுவார்கள். வெறுமையான சிரையைத் திறந்து, உட்சுவரைக் கண்ணால் பார்த்தே கட்டியை உரித்தெடுக்கலாம். மூளை தாங்கும் நேரம் முக்கால் மணிக்கும் குறைவு. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

ரத்தம் உறையாதிருக்கத் தரும் ஹெப்பாரினும் கடுங்குளிரும் பின்னர் ரத்தப்போக்கைக் கூட்டின. தீர்வு கல்லீரல் மாற்று அறுவையிலிருந்து வந்தது. மயாமியில் கெய்டானோ சியான்சியோ, கல்லீரலை முழுவதும் விடுவித்துத் திருப்பி, உதரவிதானம் வழியாகவே பெருஞ்சிரையின் மேல்முனையைப் பிடித்து, கட்டியைக் கீழே தள்ளி, இயந்திரமின்றியே எடுக்கும் முறையை வளர்த்தார். உணவுக்குழாய் வழியே வைக்கும் எக்கோ எனும் மீயொலிக் கருவி, கட்டியின் நுனி நகர்வதைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். நுனி மேலறைச் சுவரில் ஒட்டியிருந்தால் இன்றும் இயந்திரத்தைத்தான் நாட வேண்டும்.