நடந்தாதான் பாதை: ஓர் இங்கிலாந்து கிராமத்து வட்டத்தின் கதை

இங்கிலாந்து கிராமங்கள்ல நடந்து போற வீடியோ ஒண்ணாவது உங்க ஃபீட்ல வந்திருக்கும். காலையில ஒரு சர்ச் வாசல்ல கிளம்புவாங்க. வயல், ஓடை, உயிர்வேலி, அடுத்த கிராமம், அதுக்கடுத்த கிராமம்னு சுத்திட்டு, சாயந்திரம் கிளம்பின இடத்துக்கே வந்து பப்ல உக்காருவாங்க. இதுக்கு சர்குலர் வாக்னு பேரு.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவங்க நடக்கறதுல பெரும்பகுதி அடுத்தவங்க நிலம். விதைச்ச கோதுமை வயலுக்கு நடுவுலயே நடந்து போறாங்க, யாரும் விரட்டறதில்ல. ஏன்? இன்னிக்கு எபிசோட் அந்த "ஏன்" பத்திதான்.

ஒரு வட்டத்தை எடுத்துக்குவோம். பீட்டர்பரோ நகரத்துக்கு வடமேற்குல ஹெல்ப்ஸ்டன்னு ஒரு கிராமம். அங்கேர்ந்து கிளின்டன், நார்த்பரோ, மேக்ஸின்னு போய்ட்டு திரும்ப ஹெல்ப்ஸ்டன். மலை, அருவி எதுவும் கிடையாது. தட்டையான பூமி, தூரத்துல கிளின்டன் சர்ச்சோட கூர்கோபுரம். 1793-ல இந்த ஹெல்ப்ஸ்டன்ல, ஒரு விவசாயக் கூலியோட குடிசையில பிறந்தவர்தான் கவிஞர் ஜான் கிளேர்.

கிளேர் சின்னப் பையனா இருந்தப்போ ஊரைச் சுத்திப் பெரிய பெரிய திறந்த வயல்கள். ஒவ்வொரு வயலும் நீளத் துண்டுகளாப் பிரிஞ்சு, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொருத்தர் கையில. நடுவுல வேலி கிடையாது. அதைத் தாண்டி பொது மேய்ச்சல் நிலம். சொந்தமா நிலம் இல்லாத குடும்பம்கூட அங்க மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் வழி இருந்துச்சு. வயலுக்கு, மில்லுக்கு, சந்தைக்கு, சர்ச்சுக்குன்னு ஒத்தையடிப் பாதைகள் ஊர் நடுவுலேர்ந்து நாலா பக்கமும் போகும்.

1809-ல நாடாளுமன்றம் ஹெல்ப்ஸ்டனுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து ஒரு சட்டம் போட்டுது. இதுக்குப் பேர் என்க்ளோஷர். திறந்த வயல்களையும் பொது நிலத்தையும் அளந்து, பங்கு போட்டு, வேலி கட்டித் தனியார் சொத்தா மாத்தறது. இந்த ஊருக்கான இறுதித் தீர்வு வந்தது 1820-ல. இது ஒரு ஊர் கதை மட்டும் இல்ல. 1604-லேர்ந்து 1914 வரைக்கும் இந்த மாதிரி 5,200-க்கும் மேல சட்டங்கள் நிறைவேறி இருக்கு. வளைச்ச நிலம் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு.

நிலம் போச்சுன்னா பாதையும் போகும். வேலி போட வந்த கமிஷனர்கள் புது ரோடுகளை நேர்கோட்டுல போட்டாங்க, பழைய பாதைகள் பலதும் அடைபட்டுச்சு. போதாததுக்கு 1815-ல இன்னொரு சட்டம். ஒரு பாதை தேவையில்லன்னு ரெண்டு மாஜிஸ்ட்ரேட் சொன்னா மூடிடலாம். மாஜிஸ்ட்ரேட்டா உக்காந்தது பெரும்பாலும் யாருன்னு நினைக்கறீங்க? அதே நிலச்சுவான்தார்கள்தான்.

கிளேர் இதைத் தள்ளி நின்னு வேடிக்கை பாக்கல. கூலி வேலைக்குப் போய், அந்த வேலிக்கான செடிகளை அவரே நட்டிருக்கார். வயித்துக்காகத் தன் உலகத்தைத் தானே அடைச்ச மனுஷன். அதே 1820-லதான் அவரோட முதல் கவிதைப் புத்தகம் வந்து லண்டன்ல பேசப்பட்டுது.

ஜான் பேரல்னு ஒரு ஆய்வாளர் 1972-ல எழுதின புத்தகத்துல அருமையான ஒரு கருத்து இருக்கு. திறந்த வயல் காலத்து ஆளுக்கு ஊர்ங்கறது ஒரு வட்டம். நடுவுல வீடுகள், சுத்தி வயல், அதுக்கு வெளியே வேற உலகம். என்க்ளோஷருக்கு அப்புறம் அது நேர்கோடா மாறிடுச்சு. ஊர்ங்கறது ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போற வழியில வர்ற ஒரு புள்ளி.

இதை மனசுல வெச்சுக்கிட்டுப் பாருங்க. 1832-ல கிளேர் குடும்பத்தோட நார்த்பரோவுக்குக் குடி போனார். மூணு மைல்தான். நம்ம வட்டத்துல ஒரு பகுதி. ஆனா அவருக்கு அது நாடு கடத்தின மாதிரி வலிச்சுது. 1837-ல மனநலம் பாதிச்சு எஸ்ஸெக்ஸ்ல ஒரு காப்பகத்துல சேர்த்தாங்க. 1841 ஜூலையில அங்கேர்ந்து கிளம்பி, நாலு நாள்ல கிட்டத்தட்ட 80 மைல் நடந்து வந்தார். பசிக்கு ரோட்டோரப் புல்லைத் தின்னுக்கிட்டே. கிளின்டன்ல இருந்த தன் இளவயசுக் காதலி மேரி ஜாய்ஸைப் பாக்கத்தான் அந்த நடை. அவங்க 1838-லயே இறந்துட்டாங்க. சொன்னாலும் அவர் நம்பல. அந்த வருஷக் கடைசியில மறுபடியும் காப்பகம். 1864-ல சாகற வரைக்கும் அங்கதான்.

சரி, அவ்ளோ பாதை மூடினாங்கன்னா இன்னிக்கு மக்கள் எப்படி நடக்கறாங்க? கேட்டு வாங்கினது. 1932 ஏப்ரல் 24-ம் தேதி கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டுல சுமார் 400 பேர் வேணும்னே அத்துமீறி நுழைஞ்சாங்க. முன்னால நின்ன பென்னி ராத்மேனுக்கு வயசு 20. அஞ்சு பேருக்குச் சிறை. அதே 1932-ல ஒரு சட்டமும் வந்துச்சு. ஒரு வழியில 20 வருஷம் மக்கள் ஒளிவு மறைவில்லாம, கட்டாயப்படுத்தாம, அனுமதி கேக்காம நடந்திருந்தா, உரிமையாளர் மறுத்ததுக்கு ஆதாரம் இல்லாத பட்சத்துல அது பொதுப் பாதை. 1949-ல இன்னொரு சட்டம், எல்லாப் பாதையையும் வரைபடத்துல பதிவு பண்ணச் சொல்லிச்சு. அப்படிப் பதிவானது இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து சுமார் 1,40,000 மைல். விவசாயி உழலாம், ஆனா பயிருக்காக உழ ஆரம்பிச்ச 14 நாளுக்குள்ள பாதையைத் திரும்பப் போட்டுக் கொடுக்கணும். கோதுமை நடுவுல ஒரு மீட்டர் அகலத்துல தெரியற கோடு அதுதான்.

ஆனா பதிவாகாம விட்டுப் போன பாதைகள்? 2000-ல வந்த சட்டம், பழைய ஆதாரத்தைக் காட்டிப் பாதை கேக்க 2026 வரைதான் டைம்னு கெடு வெச்சுது. 2020-ல ராம்ப்ளர்ஸ் அமைப்பு ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைக் கூட்டி, பழைய மேப்பையும் இப்போதைய மேப்பையும் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரா ஒப்பிட வெச்சுது. நம்ம பாஷையில சொன்னா, ஒரு நாட்டுக்கே டிஃப் எடுத்தாங்க. விட்டுப் போயிருக்கலாம்னு கண்டுபிடிச்சது 49,000 மைலுக்கு மேல. கெடு அப்புறம் 2031-க்குத் தள்ளிப் போச்சு. 2024 டிசம்பர்ல இங்கிலாந்து அரசு அதை எடுத்துடப் போறதாவே அறிவிச்சுது.

ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தப் பாதைகளைப் போட்டவங்க யாரும் வட்டமா நடக்கல. ஒருத்தர் வேலைக்குப் போனார், ஒருத்தர் மாவு அரைக்கப் போனார், ஒருத்தர் பிணம் தூக்கிட்டு சர்ச்சுக்குப் போனார். அந்தத் துண்டுகளை ஒட்டவெச்சுத்தான் இன்னிக்கு லீவு நாள்ல வட்டம் போடறாங்க. நிலம் திரும்பி வரல, பொது மேய்ச்சலும் வரல. அந்தக் கூலிக்காரங்க கால் பட்ட அந்த ஒரு மீட்டர் அகலம் மட்டும் தப்பிச்சிருக்கு. அதுவும் யாராவது நடந்துட்டும், கணக்கு வெச்சுட்டும் இருக்கற வரைக்கும்தான்.

ஹெல்ப்ஸ்டன் சர்ச் தோட்டத்துலதான் கிளேரைப் புதைச்சிருக்காங்க. ஒவ்வொரு ஜூலையும் அவர் பிறந்தநாளை ஒட்டி, ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க காட்டுப்பூ பதிச்ச சின்ன மெத்தைகளைக் கொண்டு வந்து வைக்கறாங்க. அந்த வட்டத்துல நடக்க உங்களுக்கு வாய்ச்சா, கிளம்பறதுக்கு முன்னாடி அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.