நோயாளியின் நாட்குறிப்பு: சாமுவேல் ஜோன்சனின் இறுதி ஆண்டுகள்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோய்களைக் கண்டறிந்தோர், மருந்துகளை ஆக்கியோர், வைத்தியசாலைகளை நிறுவியோர் ஆகியோரின் பெயர்கள் அதில் நிரல்பட நிற்கின்றன. நோயுற்றோரோ எண்ணிக்கைகளாகவும் எடுத்துக்காட்டுகளாகவும் மட்டுமே அதில் இடம்பெறுவர். தம் உடலில் நிகழ்வது யாதென அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர், இன்னதென்று தெளியப்படாத நோயோடு எவ்வாறு நாட்களைக் கழித்தனர் என்னும் வினாக்களுக்கு விடை பகரும் சான்றுகள் மிகச் சிலவே. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜோன்சன் தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அத்தகைய அரிய சான்றுகளாகும். இன்று இதயச் செயலிழப்பு எனப்படும் நோய்க்குத் தனிப்பெயர் வழங்காத காலத்தில், முதியவர் ஒருவர் அதனை எதிர்கொண்ட வகையை அவற்றின்வழி நோக்குதல் தகும்.

ஜோன்சன் 1709ஆம் ஆண்டு லிச்பீல்ட் என்னும் ஊரில் புத்தக வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1755இல் வெளிவந்த ஆங்கில அகராதியால் பெரும்புகழ் எய்தியவர். ஆங்கிலக் கவிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை அவர் எழுதி முடித்தது 1781ஆம் ஆண்டிலாகும். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தொன்று. மருத்துவத்திலும் அவருக்கு நீண்டகால ஈடுபாடு இருந்தது. ஒல்லாந்து மருத்துவ அறிஞர் போர்ஹாவேயின் வாழ்க்கையை 1739இல் எழுதினார். பள்ளித் தோழராகிய றொபேட் ஜேம்ஸ் தொகுத்த மருத்துவ அகராதிக்கு 1740களில் துணைபுரிந்தார். இலண்டனின் ஏழை மக்களுக்கு வைத்தியம் செய்துவந்த றொபேட் லெவெற் என்பவர் ஜோன்சனின் இல்லத்திலேயே பல்லாண்டு வாழ்ந்து, 1782 ஜனவரியில் காலமானார். ஆகவே, நோய் ஜோன்சனை அணுகியபோது அதனைப் பற்றி வினவவும் ஆராயவும் வல்லவராக அவர் இருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1783 ஜூன் 17ஆம் நாள் அதிகாலையில் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. பேச்சு முற்றாக நின்றுவிட்டது. அவ்வேளையில் அவர் செய்த முதற் செயல் குறிப்பிடத்தக்கது. அறிவும் பழுதுற்றதோ என்று சோதிப்பதற்காக இலத்தீன் மொழியில் ஒரு பிரார்த்தனையைச் செய்யுளாக மனத்துள் அமைத்தார். செய்யுள் சிறப்பாக அமையவில்லை. ஆயினும் அது சிறப்பற்றது என்பதைத் தம்மால் உணர முடிந்தமையால், அறிவு பழுதுறவில்லை என்று முடிவுசெய்தார். பின்னர் அயலவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதி உதவி வேண்டினார். ஹெபர்டன், புறொக்கிள்ஸ்பி ஆகிய மருத்துவர்கள் வந்து பார்த்தனர். சில வாரங்களில் பேச்சு பெரும்பாலும் மீண்டது. அச்சம் மேலிடும் வேளையிலும் தம்மைத் தாமே ஆராயும் இப்பண்பு, அடுத்த பதினெட்டு மாதங்களிலும் அவரிடம் தொடர்ந்து காணப்படுகிறது.

அவ்வாண்டு டிசெம்பரில் மூச்சுத்திணறல் மிகுந்தது. படுத்தால் மூச்சு முட்டியமையால் இரவுகளை நாற்காலியில் அமர்ந்தபடியே கழிக்க நேர்ந்தது. கால்கள் வீங்கின. மருத்துவர்கள் மூச்சுத்திணறலை ஈளை என்றும் வீக்கத்தை நீர்வீக்கம் என்றும் அழைத்தனர். ஒரே காரணத்தின் இரு வெளிப்பாடுகளாக இருக்கக்கூடியவை, இவ்வாறு இருவேறு நோய்களாக எண்ணப்பட்டன.

இதனை அம்மருத்துவர்களின் அறியாமை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. குருதிச் சுற்றோட்டத்தை ஹாவி 1628ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். இதயத்தோடு தொடர்புடைய மார்புவலியைத் தெளிவுற விவரித்து 1772இல் கட்டுரை வெளியிட்டவர், ஜோன்சனைப் பார்வையிட்ட அதே ஹெபர்டனே. இதய நோய்க்கும் உடல்வீக்கத்துக்கும் தொடர்புண்டு என்பதை ஐரோப்பிய மருத்துவர் சிலரும் முன்னரே கண்டிருந்தனர். ஆயினும் நோயாளி உயிரோடிருக்கையில் இதயத்தின் நிலையை அறிதற்குரிய கருவி எதுவும் அக்காலத்தில் இல்லை. இதயமும் நுரையீரலும் எழுப்பும் ஒலிகளைக் கேட்க உதவும் குழலை லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஆக்கியது 1816ஆம் ஆண்டிலாகும். ஆதலின் கண்ணுக்குப் புலப்பட்ட நீரே நோயாகக் கொள்ளப்பட்டது. அதனை வெளியேற்றுதலே வைத்தியமாயிற்று.

1783 டிசெம்பர் நடுப்பகுதி தொடக்கம் 129 நாட்கள் ஜோன்சன் வீட்டை விட்டு வெளிச்செல்லவில்லை. மரணத்தைக் குறித்து அவருக்கிருந்த அச்சம் நண்பர் யாவரும் அறிந்ததே. அதனை அவர் ஒருபோதும் மறைத்தவரல்லர். 1784 பெப்ரவரியில் ஒரு நாளைப் பிரார்த்தனைக்கென ஒதுக்கித் தனித்திருந்தார். அக்காலத்தில் எதிர்பாராத வகையில் உடலிலிருந்து ஏறத்தாழ இருபது பைந்து நீர் சிறுநீராகக் கழிந்தது. வீக்கம் வடிந்தது, மூச்சு எளிதாயிற்று. ஏப்ரல் 21ஆம் நாள் செயின்ற் கிளமன்ற் ஆலயத்துக்குச் சென்று நன்றி செலுத்தினார்.

இந்நிகழ்ச்சியை ஜோன்சன் இறைவனின் அருளாகவே கருதினார். அவர் உட்கொண்டுவந்த மருந்துகளுள் ஸ்குவில் என்பதும் ஒன்றாகும். அது மத்தியதரைக் கடற்கரையில் வளரும் ஒரு செடியின் கிழங்கு. நம் நாட்டு வைத்தியர் அறிந்த நரிவெங்காயத்துக்கு நெருங்கிய இனம். இதயத்தின் சுருக்கத்தை வலுப்படுத்தும் வேதிப்பொருள்கள் அதில் உள்ளன என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. நீரைக் கழிக்கும் மருந்தென்று அவர் உட்கொண்டது, எவரும் அறியாவண்ணம் இதயத்திலும் தொழிற்பட்டிருத்தல் கூடும். அன்றைய தேர்ச்சிக்கு அதுவே காரணம் என்று இன்று எவரும் உறுதிகூற இயலாது. ஆனால் அத்தேர்ச்சி அவருள் எழுப்பிய நம்பிக்கை உறுதியானது. நீண்டகால நோயில் இடையிடையே வரும் நலத்தைக் குணமென்று கொள்வதும், நோய் மீளும்போது முன்னிலும் ஆழமாக மனந்தளர்வதும் முதிய நோயாளர் பலரின் அனுபவமாகும். ஜோன்சனும் அதற்கு விலக்கல்லர்.

நோயைக் காட்டிலும் தனிமையே அவரை வருத்தியது எனினும் மிகையாகாது. லெவெற்றை அடுத்து, அதே இல்லத்தில் வாழ்ந்த பார்வையற்ற கவிஞர் அனா வில்லியம்ஸ் 1783 செப்டெம்பரில் மறைந்தார். இருபது ஆண்டுகளாக அவரைப் பேணிய ஹெஸ்டர் திறேல் அம்மையார், கணவரை இழந்தபின் 1784 ஜூலையில் மறுமணம் செய்துகொண்டார். அதனை ஏற்க மறுத்த ஜோன்சன் கடுஞ்சொற்களால் கடிதம் எழுதி அந்நட்பை முறித்துக்கொண்டார். நோயுற்றோர் தமக்கு ஆதாரமாக உள்ளோரையே புண்படுத்துவதுண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று. மறுபுறத்தில், 1783 டிசெம்பரில், நோய் முற்றுவதற்குச் சற்று முன்னர், எசெக்ஸ் தெருவிலிருந்த விடுதியொன்றில் வாரத்தில் மூன்று முறை கூடும் கழகமொன்றை அவர் நிறுவியிருந்தார். எழுபத்து நான்கு வயதில் புதிய நண்பர் குழாமொன்றைத் தேடிக்கொண்டமை, தனிமையின் தீங்கை அவர் நன்குணர்ந்திருந்தமையைக் காட்டுகிறது.

நண்பர்களும் அவரைக் கைவிடவில்லை. குளிர்காலத்தை இத்தாலியிற் கழித்தால் நலமுண்டாகும் எனக் கருதி, அரசு வழங்கிய 300 பவுண் ஓய்வூதியத்தைக் கூட்டுமாறு பொஸ்வெல்லும் ஓவியர் றெயினோல்ட்சும் முயன்றனர். அது கைகூடவில்லை. புறொக்கிள்ஸ்பி தம் சொந்தப் பணத்திலிருந்து ஆண்டுதோறும் 100 பவுண் அளிக்க முன்வந்தார். ஜோன்சன் நன்றியோடு மறுத்துவிட்டார். அவரைப் பார்வையிட்ட மருத்துவர்கள் கட்டணமும் பெறவில்லை. இலண்டனின் சாதாரண முதியவர் ஒருவருக்கு இத்தகைய பராமரிப்புக் கிட்டியிருக்காது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். அத்தகையோரிடம் சென்றவர் லெவெற் போன்ற பட்டம்பெறா வைத்தியர்களே.

1784 ஜூலை 6ஆம் நாள் ஜோன்சன் இலத்தீன் மொழியில் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். 'நோயாளியின் நாட்குறிப்பு' என்பது அதன் தலைப்பின் பொருள். லிச்பீல்டிலும் அஷ்போர்ணிலும் தங்கியிருந்த காலமெல்லாம் எழுதப்பட்ட அது, நவம்பர் 8ஆம் நாளோடு முடிவுறுகிறது. இரவின் உறக்கம், மூச்சின் நிலை, வீக்கம், கழிந்த சிறுநீர், உட்கொண்ட ஸ்குவில், அபின் ஆகியன அதில் சுருக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளன. உணர்ச்சியுரைகள் அதில் மிகக் குறைவு. அச்சத்தைப் பிரார்த்தனைக்கும் நண்பருக்கு எழுதிய கடிதங்களுக்கும் உரியதாக்கிய அவர், இவ்வேட்டை அவதானிப்புக்கே ஒதுக்கினார் எனலாம். இன்று இதயச் செயலிழப்புற்றோர் நாள்தோறும் உடல்நிறையைப் பார்த்துக் குறிக்குமாறும், கால்வீக்கத்தையும் மூச்சையும் கவனிக்குமாறும் அறிவுறுத்தப்படுகின்றனர். நிறை கூடுவது நீர் தேங்குவதற்கு முன்னறிவிப்பாகலாம் என்பதே இதன் காரணம். இவ்வழக்கத்தை ஒத்த ஒன்றை, எவரும் பணியாமலே, ஜோன்சன் கைக்கொண்டிருந்தார். நோயை மாற்றும் வலிமை அவருக்கில்லை. ஆயினும் அதனைக் கவனிக்கும் உரிமையை அவர் பிறரிடம் விட்டுவிடவில்லை.

நவம்பர் நடுவில் அவர் இலண்டன் மீண்டார். வீக்கம் மீண்டும் பெருகிற்று. உறக்கமற்ற இரவுகளில் கிரேக்கக் குறுங்கவிகளை இலத்தீனில் மொழிபெயர்த்தார். பழைய தாள்கள் பலவற்றை எரித்தார். மரணசாசனத்தை ஒப்பேற்றினார். யமேக்காவில் அடிமையாகப் பிறந்து, சிறுவயதிலேயே தம்மிடம் வந்துசேர்ந்த பணியாளர் பிரான்சிஸ் பாபருக்கு ஆண்டுக்கு 70 பவுண் கிடைக்க வழிசெய்தார். பிரபு ஒருவர் தம் பணியாளருக்கு 50 பவுண் வழங்குதல் போதும் என்று புறொக்கிள்ஸ்பி கூறியதைக் கேட்ட பின்னரே அத்தொகையை அவர் உயர்த்தினார்.

இக்காலத்தில் அவர் புறொக்கிள்ஸ்பியிடம், தாம் பிழைத்தல் கூடுமோ என்று நேராகவே வினவினார். முழு உண்மையையும் தாங்க முடியுமா என்று மருத்துவர் கேட்டார். முடியும் என்றார் ஜோன்சன். அற்புதம் ஏதும் நிகழ்ந்தாலன்றிப் பிழைத்தல் அரிது என்பது மருத்துவரின் விடை. அதன்பின் ஜோன்சன் மருந்துகளைத் தவிர்த்தார். நோவைத் தணிக்கும் அபினையும் மறுத்தார். தெளிந்த அறிவோடு இறைவனைச் சேர வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆயினும் நீரை வெளியேற்றுவதற்காகச் சத்திர வைத்தியர் குறூக்சாங்க் காலில் மெல்லக் கீறியபோது, இன்னும் ஆழமாகக் கீறுமாறு வற்புறுத்தினார். பின்னர்த் தாமே கத்தியை எடுத்துக் காலிற் பாய்ச்சினார். இவ்விரு செயல்களும் முரணாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டையும் ஒரே உள்ளம் செய்தது. வாழ்நாளை நீட்டிக்க நோவைத் தாங்குதற்கு அவர் ஆயத்தமாக இருந்தார். நோவைத் தணிக்க அறிவை இழத்தற்கு ஆயத்தமாக இல்லை. 1784 டிசெம்பர் 13ஆம் நாள் மாலை, தமது எழுபத்தைந்தாம் வயதில் அமைதியாக உயிர்நீத்தார்.

இறந்தபின் நிகழ்ந்த பரிசோதனையில் இதயம் மிகப் பருத்திருந்தமை காணப்பட்டது. பெருநாடி வாயிலிலுள்ள வால்வுகள் இறுகத் தொடங்கியிருந்தன. நுரையீரல்கள் காற்றுப்பைகள் விரிந்து நோயுற்றிருந்தன. ஒரு சிறுநீரகமும் பழுதுற்றிருந்தது. இவற்றைக் கொண்டு, அவருக்கிருந்தது இதயச் செயலிழப்பும் நுரையீரல் நோயும் கலந்த நிலை எனப் பிற்கால மருத்துவர் பலர் கருதுவர்.

அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1785இல் வில்லியம் விதறிங் என்னும் மருத்துவர் பொக்ஸ்குளோவ் செடியைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் பணியாற்றிய பேர்மிங்ஹாம், லிச்பீல்டிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. அம்மருந்தின் மூலம் கற்றோரின் நூல்களிலிருந்து வந்ததன்று. சுறொப்செயர் மாவட்டத்து முதியவள் ஒருத்தி நீர்வீக்கத்துக்குக் கொடுத்துவந்த மூலிகைக் கலவையைப் பற்றி 1775இல் விதறிங்கிடம் வினவப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகளுள் தொழிற்படுவது பொக்ஸ்குளோவே என அவர் கண்டார். பத்தாண்டுகள் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நோயாளரில் அளவறிந்து சோதித்தார். பயன் தராதவற்றையும் மறையாது எழுதினார். முதியவளின் பெயரோ நூலில் இல்லை. ஏழை மக்களின் அனுபவ அறிவு கற்றோரின் கைப்பட்டு விஞ்ஞானமாகும்போது, அதனைக் காத்துவந்தோர் பெயரற்றோராவது வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதாகும்.

அம்மருந்து கிடைத்திருப்பின் ஜோன்சன் பிழைத்திருப்பார் என்று கூறுதல் சரியன்று. அதன் வழிவந்த டிஜொக்சின், நோயாளர் வைத்தியசாலை செல்வதைக் குறைத்தாலும் ஆயுளை நீட்டவில்லை என்பதை 1997இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று காட்டியது. 1950களின் இறுதியில் வந்த நீர்போக்கு மாத்திரைகளும், ஆயுளை நீட்டுவதாக 1987இல் நிறுவப்பட்ட எனலப்பிரில் முதலிய மருந்துகளுமே இந்நோயின் போக்கைப் பெரிதும் மாற்றின. இன்று இதயத்தின் இயக்கத்தை ஒலியலைக் கருவியாற் கண்ணெதிரே காணவும் முடிகிறது.

இத்துணை மாற்றத்தின் பின்னரும் ஒன்று மாறவில்லை. மூச்சிளைப்பும் கால்வீக்கமும் கொண்டு மருத்துவரை நாடும் முதியவர், காரணம் இதயமோ, நுரையீரலோ, சிறுநீரகமோ, வெறும் முதுமையோ என்று அறியாது சில காலம் காத்திருக்கவே நேர்கிறது. அக்காலத்தில் அவரிடம் உண்மையை மறைப்பதே அன்பென்று குடும்பத்தாரும் மருத்துவரும் எண்ணுவதுண்டு. ஜோன்சனின் வாழ்வு இதற்கு வேறொரு விடையைத் தருகிறது. அவர் அச்சமற்றவரல்லர்; ஆயினும் உண்மையைக் கேட்டார். கேட்டதும் உடைந்துவிடவில்லை. மரணசாசனத்தை முடித்தார், பணியாளரின் எதிர்காலத்தை உறுதிசெய்தார், நண்பரிடம் விடைபெற்றார். புறொக்கிள்ஸ்பி மறைத்திருப்பின் இவையனைத்தையும் செய்து முடிக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. நோயாளிக்குத் தன் உடலைப் பற்றிய உண்மை உரியது என்பதை, அந்நோய்க்குப் பெயர்கூட இல்லாத காலத்திலேயே ஒரு நோயாளியும் ஒரு மருத்துவரும் செயலிற் காட்டிச் சென்றனர்.