ஆலைச் சங்கும் மாலைப் பொழுதும்



சென்னையின் வடபுறத்தே உள்ள பெரம்பூரில் ஒரு காலத்தில் வீடுகளில் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. ஆலைச் சங்கு ஊதினால் எழ வேண்டும். மாலையில் மீண்டும் ஊதினால் அடுப்பு மூட்ட வேண்டும். பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பஞ்சாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்து, பின்னர் ஒன்றாயின. மக்கள் அவற்றைப் 'பி அண்டு சி மில்' என்றனர். 1996ஆம் ஆண்டில் அந்த ஆலை மூடப்பட்டது. சங்கு ஓய்ந்துவிட்டது. ஆயினும் சங்கு ஊதியபின் வரும் மாலைப்பொழுது மட்டும் இன்றும் நாள்தோறும் வருகின்றது. அம்மாலைப்பொழுதின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இளம் பருவத்தினரை மதுவினின்றும் பிற போதைப் பொருள்களினின்றும் காப்பது எவ்வாறு என்னும் கேள்விக்கு அதில் ஒரு விடை இருக்கின்றது.

முதலில், உங்கள் வயதினர் அக்காலத்தில் எங்கிருந்தனர் என்று பார்ப்போம். பலர் ஆலைக்குள் இருந்தனர். 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையை வேலைக்கு வைக்கலாகாது என்றது. அதாவது ஏழு வயதுச் சிறுவனை வைக்கலாம். ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். 1891இல் வயது ஒன்பதாகவும் நேரம் ஏழு மணியாகவும் திருத்தப்பட்டன. 1922இல்தான் வயது பன்னிரண்டாகவும் நேரம் ஆறு மணியாகவும் ஆயின. அரை நாள் உழைத்த இச்சிறுவர்க்கென ஆலையே ஒரு பள்ளியும் நடத்தியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பெரியவர்களோடு நின்று உழைத்து, கையில் கூலிக் காசும் பெற்று, மாலையில் தெருவுக்கு வந்த சிறுவனை எண்ணிப் பாருங்கள். உடல் களைத்திருக்கும், உள்ளம் ஏதேனும் ஒரு மகிழ்ச்சியைத் தேடும். அவனுக்காகத் திறந்திருந்த கதவுகள் எவை?

கள்ளுக்கடைக் கதவு திறந்திருந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், கள்ளையும் சாராயத்தையும் அரசின் உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தது. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர், கொடுத்த தொகைக்கு மேல் ஈட்ட வேண்டுமாயின், மேலும் விற்றாக வேண்டும். அரசின் வருவாயிலும் அது பெரும்பங்கு ஆயிற்று. விற்பவருக்கும் ஆள்பவருக்கும் ஒருங்கே இலாபம் தந்த ஒரு தொழிலில், நட்டம் முழுவதும் குடிப்பவன் வீட்டு அடுப்படியிலேயே வந்து விழுந்தது. வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தமையை இங்கே நினைவு கூர்தல் பொருத்தமாகும். குடி என்பது ஒருவனுடைய ஒழுக்கக்கேடு மட்டுமன்று. நாட்டின் பொருளையும் அரசையும் பற்றிய செய்தி.

அக்காலப் பெரம்பூரில் வேறொரு கதவும் திறந்தது. அதை வரலாறு எழுதுவோர் மற்றொரு காரணத்திற்காகவே குறிப்பிடுவர். ஆலையருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் அவர் நண்பர் இராமாநுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பஜனைச் சபையோடு தொடர்புடையவர்கள். உழைத்துக் களைத்த தொழிலாளர்கள் அங்கே கூடினர்; பாடினர்; சமயச் சொற்பொழிவுகள் கேட்டனர்; நாளடைவில் தங்கள் குறைகளையும் பேசத் தலைப்பட்டனர். அந்தக் கூட்டத்திலிருந்தே 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் உடனிருந்து உழைத்தார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதனைப் போற்றுகின்றோம்.

அச்சபை மதுவை ஒழிப்பதற்கென்று அமைந்ததன்று. நான் அதிற் காணும் உண்மை வேறு. பகலெல்லாம் எந்திரத்துக்கு ஆட்பட்டிருந்தவனுக்கு மாலையில் போய் உட்கார ஓர் இடம் அமைந்தது. அங்கே அவன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டான். அவன் பேச்சுக்குச் செவி சாய்த்தனர். கூடுமிடம் ஒன்று கிடைத்தபோது, மனிதன் அதிலிருந்து ஒரு சங்கத்தையே ஆக்கிவிட்டான்!

இனிச் சட்டத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. வருவாய் இழப்பை ஈடு செய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. இன்று நாம் கடையில் செலுத்தும் வரியின் முன்னோடிகளுள் அஃது ஒன்று. கடைகளை மூடியதோடு நில்லாமல், விளையாட்டு, பஜனை முதலியவற்றால் மாலைப்பொழுதை நிரப்பவும் அந்நாளில் முயன்றனர். உலகப் போரின் இடையே மதுவிலக்குக் கைவிடப்பட்டது. விடுதலைக்குப் பின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் நீக்கப்பட்டது. 1983இல் மது வாணிபத்திற்கென அரசு நிறுவனம் அமைந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் வசமாயிற்று.

சேலத்தில் தொடங்கிய அந்நாளில் பிறந்த ஒருவர் எழுபது வயதை எட்டுமுன் கடைக் கதவு இத்தனை முறை மூடியும் திறந்தும் போயிற்று. இதனால் சட்டம் வீண் என்று நான் கூற வரவில்லை. சட்டம் ஒரு மதில். மதில் வேண்டும். ஆனால், மதிலுக்குள்ளே விளக்கு ஏற்றாவிட்டால், உள்ளே இருப்பவன் மதிலேறிக் குதிக்கவே வழி தேடுவான். மூடிய காலத்திலும் கள்ளச்சாராயம் இருந்தது. திறந்த காலத்திலும் அஃது ஒழியவில்லை. 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நீங்கள் அறிவீர்கள்.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியப் பொறுப்பேற்ற புதிதில், மாலை ஐந்து மணிக்கெல்லாம் பள்ளியின் வாயிலைப் பூட்டிவிட வேண்டும் என்று ஆணையிட்டேன். சுவரில் கிறுக்குகிறார்கள், குழாயை உடைக்கிறார்கள் என்பது என் காரணம். அவ்வாண்டிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மது வாடையோடு வகுப்புக்கு வந்தான். அவன் தந்தை ஆலைத் தொழிலாளியாக இருந்து வேலை இழந்தவர். மாணவனை அழைத்து அரைமணி நேரம் அறிவுரை கூறினேன். தலைகுனிந்து கேட்டவன், இறுதியில், "சார், அஞ்சு மணிக்கு மேலே நாங்க எங்கே சார் போறது?" என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. அவன் அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை. அவன் வீட்டாரும் இடம் பெயர்ந்துவிட்டனர். அதன் பிறகு, உடற்பயிற்சி ஆசிரியரும் நானும் முறை வைத்துக்கொண்டு, ஏழு மணி வரை விளையாட்டுத் திடலைத் திறந்து வைத்தோம். சில குழாய்கள் உடைந்தன. அவற்றை மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்த மாணவனைத் திரும்பப் பெற முடியவில்லை.

வடதுருவத்தை அடுத்த ஐஸ்லாந்து, மக்கள் தொகையில் நம் வடசென்னையினும் சிறிய நாடு. அங்கே 1998ஆம் ஆண்டில், பதினைந்து, பதினாறு வயது மாணவருள் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு திங்களுக்குள் குடித்து வெறித்திருந்தனர். 2016இல் அத்தொகை நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது. அவர்கள் செய்தது யாது? இளையோர் இரவில் வெளியே திரியும் நேரத்திற்கு வரம்பு விதித்தனர். பெற்றோர் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு பிள்ளைகளோடு கூடுதலாகப் பொழுதைக் கழித்தனர். விளையாட்டும் இசையும் கற்பதற்கான கட்டணத்தை நகராட்சிகள் தாங்கின. மதிலும் எழுப்பினர்; விளக்கும் ஏற்றினர்.

மாணவர்களே! மூளையில் முன்பின் ஆராய்ந்து முடிவெடுக்கும் பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முழு வளர்ச்சி அடைகின்றது என்பர் அறிவியலார். ஆதலால் இளமையில் பற்றும் பழக்கம் எளிதில் வேரூன்றுகின்றது. தமிழ்நாட்டில் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்றல் குற்றம். சிறுவருக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்க 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இடம் தருகின்றது. ஆனால் முதல் மிடற்றை நீட்டும் கை பெரும்பாலும் ஒரு நண்பனுடையதாக இருக்கும். அந்நேரத்தில் சட்டப் புத்தகம் அருகில் இராது. "பயிற்சிக்கு நேரமாயிற்று, போக வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு ஓர் இடம் இருந்தால், மறுப்பது எளிதாகும்.

உங்கள் தோழன் ஏற்கெனவே சிக்கியிருந்தால், அவனை இகழாதீர்கள், ஒதுக்காதீர்கள். அது மருத்துவம் வேண்டும் நோய். நம்பத்தக்க ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இதற்கென உள்ளது.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு ஒரு பையன் எங்கே போகலாம் என்று இன்றே நடந்து பாருங்கள். நூலகம் திறந்திருக்கிறதா? திடலில் விளக்கு எரிகிறதா? பள்ளி வாயில் பூட்டியிருக்கிறதா? பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். முன்பு அது என்னிடம்தான் இருந்தது.