பாறசாலை வழியாகப் போகும் சரஸ்வதி

புரட்டாசி பிறந்துவிட்டால் மஸ்கட் வெயிலிலும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். ஆபீஸ் விட்டு வரும்போது காரில் ஸ்வாதித் திருநாள் கீர்த்தனைகளைப் போட்டுக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்து வரும் மலையாளி நண்பர், "சாரே, இது எங்க ராஜா எழுதினதாக்கும்" என்பார். எங்க ராஜாவும்தான் என்பேன். பாறசாலைப் பக்கம் பிறந்த தமிழனுக்கு அந்த அளவு உரிமைகூட இல்லையா என்ன!

சின்ன வயதில் நவராத்திரிக்கு முன்பு, களியக்காவிளையில் இருந்து வரும் மெயின் ரோட்டில் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வீடு வாசலில் விளக்கு, தேங்காய், பழம், பூ. முதலில் செண்டை மேளம் கேட்கும். பிறகு யானை மேல் சரஸ்வதி, வெள்ளிக் குதிரையில் முருகன், பல்லக்கில் முன்னுதித்த நங்கை. "கும்பிட்டுக்கோ மக்களே, படிப்பு வரும்" என்பாள் பாட்டி. படிப்பு பி.காம். வரைக்கும் வந்தது. பாங்க் வேலையும் வந்தது. அந்த ஊர்வலம் எதற்காகப் போகிறது என்று யோசித்தது மட்டும் நாற்பது வயதுக்குப் பிறகுதான்.

திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் பத்மநாபபுரம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. அரண்மனைச் சரஸ்வதி மட்டும் பத்மநாபபுரத்திலேயே தங்கிவிட்டாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் அது என்று ஐதீகம். நவராத்திரிக்கு மட்டும் அவளைத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் துணைக்குப் போகிறார்கள். முதல் இரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது பத்மநாபபுரமும் சுசீந்திரமும் குழித்துறையும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றுவிட்டன. நடுவில் செக்போஸ்ட் வந்தது. ஊர்வலம் நிற்கவில்லை. இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்ய, தேவி எல்லையைக் கடந்து போகிறாள்.

அங்கே கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் அவளை வைக்கிறார்கள். ஒன்பது மாலைகள், ஒன்பது கச்சேரிகள். ஸ்வாதித் திருநாள் (1813–1846) இதற்கென்றே ஒன்பது கீர்த்தனைகள் செய்து வைத்திருக்கிறார். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. யார் பாடினாலும் அன்றைய ராகம், அன்றைய பாட்டு. கச்சேரி தேவிக்குத்தான், அதனால் கைதட்டக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஒன்பது பாட்டுக்கும் வருஷா வருஷம் ஒரு தேதி இருந்தது. முல்லமூடு பாகவதர்கள் என்ற பரம்பரைப் பாடகர்கள் அந்த மண்டபத்தில் விடாமல் பாடி வந்தார்கள். ஸ்வாதித் திருநாளின் மற்ற பாட்டுகளுக்கு அப்படித் தேதி இல்லை. ராஜா 33 வயதில் போய்விட்டார். அவர் அவையில் இருந்த தஞ்சாவூர் வடிவேலுவும் அதே காலத்தில் மறைந்தார். பாட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், வரவு செலவு இல்லாத கணக்கு செயல்படாத கணக்கு ஆகிவிடும்.

அதை மறுபடி திறந்தது 1930-களில். மகாராணி சேது பார்வதி பாய் அழைத்து, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் திருவனந்தபுரம் வந்தார். பரம்பரைப் பாடகர்களையும் கோவில் கலைஞர்களையும் தேடிப் போய்க் கேட்டுப் பாட்டுகளைத் திரட்டினார். 1939-ல் ஸ்வாதித் திருநாள் பெயரில் சங்கீத அகாதெமி தொடங்கியது, அவரே முதல்வர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் பொறுப்பேற்று 1963 வரை இருந்தார்.

ஒரு சிக்கல். பாங்கில் பழைய கணக்கைத் திறந்தால் பாக்கி அப்படியே இருக்கும். இங்கே பல பாட்டுகளுக்குச் சாகித்தியம் இருந்தது, ராகம் தாளம் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. ஸ்வாதித் திருநாள் அரசாளத் தொடங்கிய அதே 1829-ல், பெர்லினில் மெண்டல்ஸன் என்ற இருபது வயதுப் பையன், பாக் எழுதி மறந்துபோயிருந்த 'மத்தேயுவின் பாடுகள்' என்ற பெரிய இசைப் படைப்பை மறுபடி அரங்கேற்றினான். ஐரோப்பாவின் புகழ்பெற்ற மீட்பு அது. அவனும் சில பகுதிகளை வெட்டிச் சுருக்கினான். ஆனால் அவன் கையில் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிய தாள் இருந்தது. பிடிக்காதவர்கள் மூலத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் வித்வான்கள் கையில் பல பாட்டுகளுக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் அவர்களே மெட்டமைத்தார்கள்.

'பாவயாமி ரகுராமம்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராமாயணம் முழுவதும் ஒரே பாட்டில். மூலத்தில் அது சாவேரி ராகம் மட்டும்தான். செம்மங்குடிதான் ராகமாலிகை ஆக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. நாம் கேட்டு உருகுவதில் ராஜா எவ்வளவு, செம்மங்குடி எவ்வளவு? 1980-களில் வீணை எஸ். பாலசந்தர் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்வாதித் திருநாள் என்ற இசைமேதையே கட்டிவிடப்பட்ட கதை என்று பெரிய சண்டை போட்டார். அவர் அந்த எல்லைக்குப் போனதை நான் ஏற்கவில்லை. பரம்பரையாகப் பாடிவந்த ஒன்பது பாட்டு கண் முன்னால் இருக்கிறதே. ஆனால் அந்தச் சண்டைக்குள் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. புதிதாகப் போட்ட மெட்டை மெட்டமைத்தவர் பெயரில்தான் வரவு வைக்க வேண்டும். அதனால் ராஜாவுக்கு ஒரு குறைவும் இல்லை. செம்மங்குடிக்குப் பெருமைதான் கூடும்.

இதெல்லாம் பாட்டைப் பற்றி. நாற்பது தாண்டியபின் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று.

பாறசாலையில் 1924-ல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பொன்னம்மாள் பிறந்தார். நான் கும்பிட்ட அதே சரஸ்வதி அந்த ஊர் வழியாகத்தான் போய்வந்தாள். அகாதெமியில் சேர்ந்த முதல் மாணவி அவர். பிறகு அங்கேயே முதல் ஆசிரியை. அதன்பின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரிக்கு முதல்வர். மீட்டெடுத்த பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். ஆனால் நவராத்திரி மண்டபத்தில் பாட முடியாது, ஏனென்றால் அவர் பெண். வைத்திருப்பது ஒரு பெண் தெய்வத்தை, பாடுவதும் அவளைத்தான்.

2006-ல்தான் அந்தக் கதவு திறந்தது. ராஜ குடும்பத்துப் பாடகர் அஸ்வதித் திருநாள் ராம வர்மாவின் முயற்சியில், அந்த மண்டபத்தில் பாடிய முதல் பெண் ஆனார் பாறசாலை பொன்னம்மாள். அப்போது வயது 81. அதற்குப் பிறகுதான் வெளியுலகம் அவரைக் கவனித்தது. 2017-ல் பத்மஸ்ரீ. 2021 ஜூனில், 96 வயதில் மறைந்தார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பது தொண்ணூறு வருஷம் தூங்கிய பாட்டுகளைத் தட்டி எழுப்பிப் பாடத்திட்டத்தில் ஏற்ற ஒரு பத்து வருஷம் போதுமாக இருந்தது. அவற்றைக் கற்றுத் தேர்ந்த பெண் அந்த மண்டபத்தில் உட்கார அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. மறந்த பாட்டை மீட்பது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு என்பது பாடுகிற தொண்டையில்தானே உயிரோடு இருக்கிறது? அதை வெளியே நிறுத்திவிட்டுத்தான் இத்தனை வருஷம் மீட்பைப் பற்றிப் பெருமை பேசினோம்.

பாட்டி இப்போது இல்லை. என் மகளுக்கு அந்த ஊர்வலத்தை ஒருமுறையாவது காட்ட வேண்டும். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைத்தால் நெய்யாற்றின்கரை வரையாவது பின்னால் நடந்து போவதாகத் திட்டம். அவள் பாட்டு கற்றுக்கொள்கிறாள், இப்போது சுத்த சாவேரியில் தடுமாறிக்கொண்டிருக்கிறாள். ஏழாம் நாள் ராகம் அது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.