இரண்டு தடவை மூன்றுக்கு ஒன்று

2019 மார்ச் 9. கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் ஆட்டம் தொடங்கிச் சூடு பிடிப்பதற்குள்ளேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி தடுமாறினால் ஐ-லீக் கிண்ணம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். இரண்டாம் பாதியில் பெத்ரோ மன்சி ஒரு தண்டனை உதையைக் கோலாக்கினார். பின்வரிசைக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். மூன்றுக்கு ஒன்று. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

பத்து வாரம் கழித்து, மே 22, லூதியானா. இந்திய மகளிர் லீக்கின் இறுதி ஆட்டம். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. மணிப்பூர் பொலிஸ் அணியைத் தோற்கடித்தது. அதுவும் மூன்றுக்கு ஒன்று.

ஒரே பருவத்தில் ஆண்கள் கிண்ணமும் பெண்கள் கிண்ணமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. உதைபந்து என்றால் வங்காளம், கேரளம், கோவா, மணிப்பூர் என்றே பேசிப் பழகிய இந்தியாவில் இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு இரண்டாவது வெற்றி தெரியாது. மீதிப் பேருக்கு இரண்டுமே தெரியாது.

கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை, இலங்கையில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் இருக்கிறவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். கிண்ணியாப் பக்கம் கழகங்களுக்குப் பஞ்சமில்லை. மகரிபு பாங்கு கேட்கும்வரை பந்து உருளும். தேத்தண்ணிக் கடையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் "எங்களுக்கென்று ஒரு லீக் வேணும்" என்பதில்தான் வந்து முடியும். 2021இல் இலங்கையில் சுப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்கள் ஆடின. வடக்கு கிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. அதற்கு முன்னால், 2018இல், வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் வந்தபோது ட்ரிங்கோ டைட்டன்ஸ் என்று திருகோணமலைக்கும் ஓர் அணி கிடைத்தது. அந்தச் சந்தோஷம் நீளவில்லை. லீக் வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்காகத்தான் இந்த இரண்டு கழகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். சென்னை சிட்டி கிண்ணம் வென்ற பருவத்தில் அதன் சொந்த மைதானம் இருந்தது கோயம்புத்தூரில், சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றர் தள்ளி. சேது என்பது இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடையில் கடலில் கிடக்கும் மணல் திட்டுத் தொடரின் பெயர். கழகமோ கடலே இல்லாத மதுரையில். பெயர் ஓரிடம், பாய் விரித்த இடம் வேறிடம். இதில் இரண்டும் சமம்.

"சொந்த மண்ணின் பிள்ளைகள்" என்ற பெருமையிலும் ஏறக்குறைய சமம்தான். சென்னை சிட்டியின் கோல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கால்களில் இருந்து வந்தவை. மன்சி 21 கோல் அடித்தார். நெஸ்டர் கொர்டில்லோவும் சான்ட்ரோவும் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். பயிற்றுநர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். நெய்வேலியின் எட்வின் வான்ஸ்போல் போன்ற உள்ளூர்க்காரர்கள் நடுவில் நின்று உழைத்தார்கள். சேதுவை மட்டும் தூய தமிழ்ப் பெண்களின் அணி என்று காட்டினால் அது பொய்யாகிவிடும். மணிப்பூர்ப் பெண்கள் அதில் இருந்தார்கள். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி இருந்தார். ஆள் வாங்காமல் கிண்ணம் வாங்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வித்தியாசம் தொடங்குவது நாட்காட்டியில். சென்னை சிட்டி 2018 ஒக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஐந்து மாதம் ஊர் ஊராகப் போய் இருபது ஆட்டம் ஆடியது. அந்த ஐந்து மாதமும் அது பயிற்சியும் பயணமும் சம்பளமும் ஓடுகிற ஒரு தொழில். பெண்கள் லீக் முழுவதும் லூதியானா என்ற ஒரே நகரத்தில், மே 5இல் தொடங்கி பதினெட்டு நாளில் முடிந்துவிட்டது. பன்னிரண்டு அணிகள். கிண்ணம் தூக்கிய சேது ஆடியது ஏழே ஆட்டம். எங்கள் ஊர் சுற்றுப்போட்டிகூடச் சில சமயம் அதைவிட நீளமாக இழுபடும். சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறி மாறி ஆடும் முறை பெண்கள் லீக்குக்கு 2023–24இல்தான் வந்தது. சொந்த ஊர்ச் சனம் கண்ணால் காணாமலே சம்பியன் ஆன அணி சேது.

அப்படியானால் மீதிப் பதினொரு மாதம் அந்தப் பெண்கள் எங்கே சாப்பிட்டார்கள்? ஒப்பிட வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கோல் கணக்கு அல்ல.

பதில் கடலூரில் இருக்கிறது. 2004 சுனாமியில் கிண்ணியா அடிபட்ட அதே காலையில் கடலூர்க் கரையும் அடிபட்டது. அதற்குப் பிறகு அங்கே மாரியப்பன் என்ற பயிற்றுநர் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகத்தின் மூலம், சுனாமியில் பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துப் பெண்களுக்குப் பந்து பழக்கினார். அரச விடுதி, பள்ளிக்கூடம், காலையும் மாலையும் மைதானம், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அதற்கும் பிறகு பொலிஸ் வேலை. படிப்படியாக இப்படி ஒரு ஏணி. இந்துமதி கதிரேசன் அந்த ஏணியில் ஏறி இந்திய அணிக்கும் சேதுவுக்கும் ஆடினார், தமிழ்நாடு பொலிஸில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். சந்தியா ரங்கநாதனும் கடலூர்தான். 2018 பெப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் தடவையாகத் தேசியக் கிண்ணம் எடுத்தார்கள். 2023இல் ஹரியானாவை வென்று இன்னொரு தடவை. ஆண்கள் பக்கம் சந்தோஷ் கிண்ணம் இன்றுவரை தமிழ்நாட்டுக்கு வந்ததே இல்லை.

ஆண்கள் கழகத்தின் கணக்கு வேறு. வீரனுக்குச் சோறு போட்டது ஒப்பந்தம். நல்ல பருவம் ஆடினால் மேலே உள்ள இந்தியன் சுப்பர் லீக் இழுத்துக்கொள்ளும். இரவிப்புதன்துறையின் மைக்கேல் சூசைராஜ் கிண்ணம் வருவதற்கு முன்பே போய்விட்டார். கிண்ணம் வந்த பிறகு எட்வின் போனார், கொர்டில்லோ போனார். சுவிற்சர்லாந்தின் பாசெல் கழகம் 26 வீதப் பங்கு வாங்கியதும் அந்த ஒழுக்கை அடைக்கவில்லை. இதற்கிடையில் 2019–20இலிருந்து சுப்பர் லீக்கே முதல் லீக் என்றாகிவிட்டது. வென்ற ஏணியையே காலடியிலிருந்து உருவி எடுத்த மாதிரி. 2020–21க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. முதலாளியைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரே தூணில் நிற்கிற பந்தலை யார் கட்டினாலும் அதே கதிதான். சேது 2021–22இல் இரண்டாம் இடம் எடுத்தது. 2024–25 பருவத்திலும் களத்தில் நின்றது.

2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லா லீக்கும் நின்றன. 21 கோல் அடித்த மன்சி அதற்குள் ஜப்பானுக்குப் போயிருந்தார். இந்துமதி சீருடையோடு சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றார். பந்து நின்றதே தவிர மாதச் சம்பளம் நிற்கவில்லை.

வறுமை பெண்களைக் காப்பாற்றியது என்று யாராவது இதை வாசித்தால் என் எழுத்தின் பிழை. ஏழு ஆட்டத்துக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பது அநியாயம். நான் சொல்வது, லீக்குக்கு வெளியே அவர்களுக்கு ஒரு பிடிமானம் இருந்தது என்பதை மட்டும்தான்.

அந்தப் பிடிமானத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியுமா? இலங்கையிலும் பெண்கள் உதைபந்துக்குச் சோறு போடுவது சீருடைதான். தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள்தான் முன்னால் நிற்கின்றன. 2021இல் இலங்கைச் சுப்பர் லீக்கில் ஆடிய பத்து ஆண்கள் கழகங்களிலும் மூன்று முப்படையினுடையவை. கடலூர்ப் பெண் பொலிஸ் சீருடை போட்டால் வீட்டில் பாற்சோறு பொங்குவார்கள். கிழக்கில் ஒரு தமிழ் வீட்டிலோ முஸ்லிம் வீட்டிலோ படையில் சேரப் போகிறேன் என்று மகள் சொன்னால் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆண் பிள்ளைக்காவது இன்னொரு வழி இருக்கிறது. கட்டாருக்குப் போவான், விடுமுறையில் வந்து கழகத்துக்கு ஆடுவான், ஜேர்சிக்குக் காசும் அனுப்புவான். பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து, அதுவும் உயர்தரம் வரைக்கும். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் உதைபந்தில் பெயர் எடுத்தார்கள் என்றால் அங்கே பள்ளிக்கூடமே விடுதிக்கும் கழகத்துக்கும் பதிலாக நின்றது.

குறிஞ்சாக்கேணியில் பாலம் வேலை நடந்தபோது சனம் படகுப் பாதையில் போய் வந்தது. 2021 நவம்பர் 23 காலையில் அந்தப் படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். படிக்கப் போகவே தண்ணீரைத் தாண்ட வேண்டியிருந்த பிள்ளையைப் பின்னேரம் பயிற்சிக்கும் அனுப்புங்கள் என்று எந்த வாப்பாவிடம் போய்க் கேட்பது? லீக் வேணும் என்று கடையில் பேசுகிறவர்கள் அணிகளின் பெயரைக்கூட முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் அணிக்கு எந்த மைதானம், எத்தனை மணிக்கு, யார் கூட்டிப் போய்க் கூட்டி வருவது என்று போன வாரம் கேட்டேன். தேத்தண்ணி ஆறிவிட்டது என்று ஒருவர் எழுந்து போனார்.