இரண்டு வெள்ளைகள்

பெருங்களத்தூரை அடுத்து, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் கிடக்கும் பீர்க்கன்கரணை 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணையும்வரை தனிப் பேரூராட்சியாக இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடுத்தரக் குடும்பங்கள் இத்தகைய புறநகர்களில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியபோது, பல வீடுகளின் கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து குரைத்தது ஒரு சிறிய வெள்ளை நாய். வீட்டார் அதைப் பொமரேனியன் என்றார்கள். தெருவுக்கு அது சடைநாய். அதே ஆண்டுகளில் தமிழகம் தன் பெருமையாகச் சொல்லிக்கொண்ட நாயும் வெள்ளைதான்: ராஜபாளையம். எண்பதுகளின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்கென ஓர் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியிருந்தது.

இரண்டும் வெள்ளை. ஆனால் இரண்டும் ஒரே வெள்ளை அல்ல. இந்த வேறுபாட்டுக்குள் நம் ரசனையின் வரலாறு ஒன்று ஒளிந்திருக்கிறது.

முதலில் சடைநாய். பொமரேனியா என்பது பால்டிக் கடலோரத்தில், இன்று ஜெர்மனிக்கும் போலந்துக்குமாகப் பிரிந்து கிடக்கும் நிலம். ஜெர்மனியில் ஸ்பிட்ஸ் நாய்களை நிறத்தோடு ஊரைச் சேர்த்தே அடையாளம் கண்டார்கள்: பொமரேனியாவுக்கு வெள்ளை, வூர்ட்டம்பெர்க்குக்குக் கறுப்பு. மூன்றாம் ஜார்ஜின் மனைவியான அரசி சார்லட் 1767இல் இந்த நாய்களை இங்கிலாந்துக்கு வரவழைத்தார். கெய்ன்ஸ்பரோவின் ஓவியங்களில் அவற்றைக் காணலாம். இன்றைய பொம்மை அளவுப் பொமரேனியனைவிடப் பெரியவை. 1888இல் விக்டோரியா மகாராணி ஃபிளாரன்ஸ் நகரத்தில் செம்பழுப்பு நிறமுள்ள மார்கோ என்ற சிறிய நாயை வாங்கினார். மகாராணியின் மடியில் ஏறியது உலகத்தின் மடியிலும் ஏறிவிடுமல்லவா? இங்கிலாந்தில் நாய் சுருங்கிற்று. செம்மையும் ஆரஞ்சும் நாகரிகமாயின. பெரிய வெள்ளை நாய்கள் காட்சி மேடையிலிருந்து மெல்ல விலகின.

அங்கே விலகியது இங்கே நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருடன் வந்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழித்தோன்றல்கள் நம் வெயிலுக்குப் பழகித் தனி இனமாயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் சங்கம் அவற்றை 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்றே பதிகிறது. பொமரேனியன் வேறு இனம். கறுப்பும் பழுப்பும் இந்த இனத்தில் உண்டு. ஆனால் வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வது கடினமாக இருந்த அந்த இரு பத்தாண்டுகளில் வீடுதோறும் பரவியது வெள்ளைதான். 1994இல் வெளியான 'ஹம் ஆப்கே ஹேங் கோன்' இந்திப் படத்தின் டஃபியும் வெள்ளையே.

இனி அந்த வெள்ளையின் உள்ளே போவோம். நாயின் மயிருக்கு நிறம் தருபவை இரண்டே நிறமிகள். ஒன்று கறுப்பும் பழுப்பும் தரும் யூமெலனின். மற்றொன்று செம்மையும் மஞ்சளும் தரும் ஃபியோமெலனின். எதைச் செய்வது என்று நிறமிச் செல்லுக்குச் சொல்லும் விசை எம்.சி.1.ஆர். என்ற மரபணு. தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதிகளிலும் அந்த விசை பழுதானால், மயிரில் கறுப்பு உண்டாவதில்லை; மஞ்சள் மட்டுமே உண்டாகும். அந்த மஞ்சளையும் வேறு மரபணுக்கள் நீர்க்கச் செய்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது வெள்ளை. அவற்றில் ஒன்றான எம்.எஃப்.எஸ்.டி.12இன் பங்கு 2019இல்தான் வெளியாயிற்று. சமோயெட் முதலிய வெள்ளை ஸ்பிட்ஸ் வகைகளின் நிறம் இப்படி அமைந்ததே. சடைநாயைக் கூர்ந்து பார்த்தால் காதோரத்தில் மங்கிய சந்தன நிறம் தெரியலாம். மூக்கும் இமை விளிம்பும் உதடும் கன்னங்கரேலென்றிருக்கும். நிறமிச் செல்கள் உடலெங்கும் குறைவின்றி இருக்கின்றன; மயிருக்கு மட்டும் வெளிறிய சாயத்தை அனுப்புகின்றன.

ராஜபாளையத்தின் மூக்கைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பு. பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் ஆகிய மூன்றும்தான் இந்த இனத்தின் அழகிலக்கணம். அங்கே சாயம் வெளிறவில்லை. சாயக்காரனே வந்து சேரவில்லை. கருவில் நிறமிச் செல்கள் முதுகுத்தண்டின் அருகே பிறந்து, உடலின் இரு பக்கமுமாகப் பயணம் செய்து தோலெங்கும் பரவ வேண்டும். அந்தப் பயணம் பாதியில் நின்றால் திட்டுத்திட்டாக வெள்ளை. தொடக்கத்திலேயே குன்றினால் முழு வெள்ளை.

இந்தச் செல்கள் போய்ச் சேர வேண்டிய இடங்களில் ஒன்று உட்செவி. அங்கே அவற்றுக்கு வண்ணந்தீட்டும் வேலை இல்லை. செவித் திரவத்தின் பொட்டாசியத்தைக் காத்து, ஒலியை உணரும் செல்களை உயிரோடு வைப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. அவை இல்லாத காதில், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் உணர்செல்கள் மடிந்துவிடுகின்றன. அதன்பின் அந்தக் காது திரும்புவதில்லை. நிறத்துக்கும் செவிக்கும் உள்ள உறவு புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1859இலேயே டார்வின் நீலக்கண் பூனைகளின் செவிட்டுத் தன்மையைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் மிகுந்து பிறப்பதற்கான காரணம் இங்கே இருக்கிறது. இந்த இனத்தில் கறுப்பும் பழுப்பும் புள்ளியும் கொண்ட குட்டிகள் பிறக்காமலில்லை. பிறந்தன, ஆனால் வளரவிடப்படவில்லை. தூய வெள்ளையை விரும்பியவர்கள் நிறமுள்ள குட்டிகளை ஈற்றிலிருந்தே அகற்றினார்கள். 'அகற்றுதல்' என்ற சொல் எதை மறைக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். தலைமுறைதோறும் கேட்கக்கூடிய குட்டியைக் கொன்று, கேளாத குட்டிக்குப் பாலூட்டியிருக்கிறோம். காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன நாய்க்கு!

இது நம் ஊர்க் குற்றம் மட்டுமல்ல. டால்மேஷன் நாய்களில் பிறவியிலேயே பெரிய கறுப்புத் திட்டுள்ளவற்றுக்குச் செவிடு குறைவு. காட்சி விதிகளோ அந்தத் திட்டைத் தகுதிக் குறைவு என்கின்றன. அமெரிக்க டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 சதவீதம் ஒரு காதிலேனும் செவிடு. விதி எழுதும் இடத்தில் செவியை விலைபேசி அழகு வாங்கப்படுகிறது.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். சைதாப்பேட்டைப் பிரிவை மூடும்படி 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாட்டு நாய்கள்மேல் மீண்டும் பரிவு பிறந்திருக்கும் இந்நாளில், பெருமிதத்தோடு சிறிது உயிரியலும் வேண்டும். பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒரு காது கேட்டாலும் குட்டி திரும்பிவிடும். ஒவ்வொரு காதிலும் தனித்தனியே ஒலியெழுப்பி மூளையின் மின்னலைகளைப் பதியும் 'பேயர்' சோதனை உண்டு. அதில் இரு காதும் தேறிய நாய்களையே இணைசேர்க்க வேண்டும். நிறமுள்ள குட்டிகளையும் இனத்தின் பிள்ளைகளாக ஏற்க வேண்டும். அந்தக் கறுப்புத் திட்டைக் கறையென்று கண்டது நம் கண்தான். குட்டிக்கு அது காது.